உப்பு எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் துணி கொடுக்கிறேன்

திருப்பூரில் 14 தையல் மெஷின் போட்டுக் குழந்தைகளுக்கான பனியனும் டவுசரும் தைக்கிறேன். மாதம் 600, 700 கிலோ துணிக்குச் சாயம் போட வேண்டும். இந்த ஊர்க் கணக்கில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பெரிய எக்ஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு நாள் வேலை. அதனால் என்னைப் போன்ற ஆளுக்கு நல்ல சாயப்பட்டறை கிடைப்பது பொங்கலுக்கு முந்தின நாள் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைப்பது மாதிரி. மூன்று வருஷமாக ஒரே பட்டறையில் துணி கொடுத்து வாங்குகிறேன். எங்கே கொடுக்கிறாய், எப்படி இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். அதற்குத்தான் இது. பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். பெயர் போட்டால் அடுத்த மாதம் எனக்கே அங்கே சாய மெஷினில் இடம் கிடைக்காது என்பது இன்னொன்று.

முதலில் விலை. முன்பு நான் கொடுத்த இடத்தைவிட வெளிர் நிறத்துக்குக் கிலோவுக்கு 10 ரூபாயும், நேவி, மெரூன் மாதிரி அடர் நிறத்துக்கு 22 ரூபாயும் கூடுதல். 22 ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. ஒரு குழந்தை டவுசரில் எனக்கு நிற்கிற லாபத்தை யோசித்தால் நெஞ்சு அடைக்கும். ஆனால் வெளிருக்குப் பத்து, அடருக்கு இருபத்திரண்டு என்ற இந்த வித்தியாசம்தான் எனக்கு அவர்கள் மேல் முதல் நம்பிக்கையைக் கொடுத்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் உப்புக் கதை சொல்ல வேண்டும்.

பருத்தியைத் தண்ணீரில் நனைத்தால் அதன் மேல் லேசான எதிர் மின்னேற்றம் வரும். பருத்திக்குப் போடுகிற ரியாக்டிவ் வகைச் சாயத்துக்கும் எதிர் மின்னேற்றம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். நடுவில் உப்பைக் கொட்டினால் அந்த விலக்கம் தணிந்து சாயம் நூலுக்குள் போகும். பிறகு சோடா ஆஷ் போட்டுக் காரத்தை ஏற்றினால் சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்துவிடும். அதனால்தான் துவைத்தாலும் போவதில்லை. 1956-இல் இந்த வகைச் சாயம் சந்தைக்கு வந்ததே பெரிய விஷயம். ஆனால் உப்பு மட்டும் துணியில் ஒட்டாது. கல்யாணத் தரகர் மாதிரி, சம்பந்தத்தை முடித்துவிட்டு முழுசாக வெளியே வந்துவிடும்.

எவ்வளவு உப்பு? அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 70 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்றால் 560 கிராம். என்னுடைய 200 கிலோ நேவி லாட் ஒன்றுக்கு 112 கிலோ உப்பு. அதாவது துணியின் எடையில் பாதிக்கு மேல் உப்பு உள்ளே போய், அப்படியே தண்ணீரோடு வெளியே வருகிறது. வெளிர் மஞ்சளுக்கு இதில் பாதிகூடப் போகாது. பத்துக்கும் இருபத்திரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த உப்பைத் திரும்ப எடுக்கிற செலவு என்றுதான் எனக்குத் தோன்றியது. சரி, அந்த 112 கிலோ எங்கே?

நான் படித்தது கெமிக்கல் இன்ஜினீயரிங். வீட்டில் எல்லாரும் ரிஃபைனரிக்குப் போவேன் என்று நினைத்தார்கள், பனியனுக்கு வந்துவிட்டேன். படித்ததில் பெரும்பாலானது மறந்துபோனது. முதல் செமஸ்டரில் சொல்லிக்கொடுத்த ஒன்று மட்டும் மறக்கவில்லை. உள்ளே போனது வெளியே வர வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே தேங்கியிருக்க வேண்டும். அதற்குப் பொருள் சமநிலை என்று பெயர். கடைக்காரர் இரவில் கல்லாவை எண்ணுவதும் அதேதான்.

எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிற நொய்யலுக்குக் குறுக்கே 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை. பாசனத்துக்குத் தண்ணீர் தேக்குவதற்குப் பதிலாகச் சாயத் தண்ணீரைத் தேக்கியது. ‘அணையைத் திறந்து விடுங்கள்’ என்று போராடுகிற விவசாயிகளைத்தான் எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ‘திறக்காதீர்கள்’ என்று போராடினார்கள். அப்பாவின் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்தத் தண்ணீருக்குப் பிறகு தென்னை நிமிரவே இல்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் கல்லூரியில் இருந்தேன். அப்பா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை, வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அதே வாரம் பட்டறையில் வேலை பார்த்த மாமா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் தங்கினார். ஒரே திண்ணையில் ஜெயித்தவரும் தோற்றவரும். அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத, ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று எல்லாரும் சொல்கிற ஏற்பாட்டைச் செய்தவர்களால் மட்டும் பட்டறையைத் திரும்பத் திறக்க முடிந்தது.

அதனால் இந்தப் பட்டறைக்கு முதல் தடவை போனபோது சாம்பிள் கார்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, சாயம் போடுகிற மாஸ்டரிடம் கேட்டேன்: “மாஸ்டர், போன மாசம் எத்தனை மூட்டை உப்பு வாங்குனீங்க? எத்தனை மூட்டை திரும்ப எடுத்தீங்க?”

மாஸ்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “ஏனுங்க அம்மிணி, பொல்யூஷன் போர்டுல இருந்து வர்றீங்களா?”

“இல்லீங்க, துணி குடுக்கத்தான் வந்தேன்.”

சிரித்துவிட்டு ரிஜிஸ்டரை எடுத்து வந்தார். இதே கேள்வியை முந்தைய இடத்தில் கேட்டதற்கு “அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க, சேடு சரியா வந்தாப் போதாதா” என்றார்கள். நிறத்தின் சாயலைத்தான் சேடு என்பார்கள். அங்கே விலை குறைவாக இருந்ததன் ரகசியம் அந்தப் பதிலில் இருந்தது என்பது என் சந்தேகம். நிரூபணம் கிடையாது.

ரிஜிஸ்டரைப் பார்த்த பிறகு பின்பக்கம் கூட்டிப் போனார். சாயம் போடுகிற கொட்டகையைவிடத் தண்ணீர் சுத்தம் செய்கிற இடம் பெரிது. சாயத் தண்ணீர் முதலில் ஒரு பெரிய தொட்டியில் சேர்கிறது. அடுத்த தொட்டியில் காற்றை ஊதி, பாக்டீரியாவை வளர்த்து, கரிமக் கழிவைத் தின்ன விடுகிறார்கள். அப்புறம் வடிகட்டி, சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ.வுக்கு ஏற்றுகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடுக்கு. பத்தில் எட்டு, ஒன்பது பங்கு நல்ல தண்ணீராகத் திரும்பிச் சாய மெஷினுக்கே போகிறது. அந்தத் தண்ணீரில் கடினத்தன்மை சுத்தமாக இல்லாததால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிப்பதில்லை. என் துணியில் சேடு ஒரே சீராக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நல்ல மழைத் தண்ணீரில் சாயம் போட்ட மாதிரி.

மிச்சம் இருக்கிற கரைசலில்தான் உப்பு முழுக்கச் செறிந்து கிடக்கும். உப்பு ஏற ஏற ஆர்.ஓ.வுக்கு அழுத்தம் அதிகம் தேவைப்படும். ஓர் எல்லைக்கு மேல் சவ்வு தாங்காது. அதற்குமேல் கொதிக்க வைப்பதுதான் வழி. 30 டிகிரித் தண்ணீரை 100 டிகிரிக்குச் சூடாக்க ஆகிற வெப்பத்தைப் போல ஏழெட்டு மடங்கு, அதே தண்ணீரை ஆவியாக்க ஆகும். எல்லாவற்றையும் கொதிக்க வைத்தால் பட்டறையை விற்றுத்தான் விறகு வாங்க வேண்டும். அதனால் தண்ணீரை ஆவியாக்குகிற கலனை, அதாவது எவாப்பரேட்டரை, அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். முதல் கலனில் கிளம்பும் ஆவிதான் இரண்டாவது கலனுக்கு அடுப்பு. இரண்டாவதில் அழுத்தம் குறைவு, அதனால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நார்பெர்ட் ரில்லியூ என்பவர் அமெரிக்காவில் 1840களில் கரும்புச் சாறு காய்ச்சுவதற்காகக் காப்புரிமை வாங்கிய முறை. சர்க்கரை ஆலைக்குள் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அடுத்த இடம். குளிர்விக்கிற தொட்டி. இவர்கள் சாதா உப்பு வாங்குவதில்லை, குளோபர் உப்பு, அதாவது சோடியம் சல்ஃபேட். அதற்கு ஒரு விசித்திரக் குணம். 32 டிகிரிச் சூட்டில் 100 கிராம் தண்ணீரில் 50 கிராம் போலக் கரையும். பூஜ்யத்துக்குக் குளிர்வித்தால் 5 கிராம்தான் கரையும். மிச்சம் முழுக்கப் பளிங்காக விழுந்துவிடும். சாதா உப்பு சூடானாலும் குளிர்ந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் கரையும், அதை இப்படிப் பிரிக்க முடியாது. மாஸ்டர் ஒரு கை நிறைய அள்ளிக் காட்டினார். கற்கண்டு மாதிரி இருந்தது. எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், ஆனால் தொட்டால் தெரியாது. “இதத்தானுங்க மறுபடியும் உங்க நேவிக்குப் போடறது” என்றார். என் 112 கிலோவின் பெரும்பகுதி அங்கே இருந்தது.

இதைக் கல்லூரித் தோழி ஒருத்தியிடம் போனில் சொன்னேன். அவள் இப்போது பழைய லித்தியம் பேட்டரிகளை மறுசுழற்சி செய்யும் ஆலையில் இருக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்களும் அமிலத்தில் கரைத்து, நிக்கல், கோபால்ட்டைப் பிரித்து, கடைசியில் காஸ்டிக் சோடா சேர்த்துக் குளிர்விக்கிறார்களாம். குளோபர் உப்பு பளிங்காக விழும், லித்தியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் நிற்கும். “உனக்கு அந்த உப்புதான் காசு, எனக்கு அதுதான் தொல்லைடி” என்றாள். எலக்ட்ரிக் வண்டியும் குழந்தை டவுசரும் ஒரே தொட்டியில் வந்து நிற்கும் என்று படிக்கும்போது யாரும் சொல்லவில்லை.

இனிக் குறைகள்.

போன வருஷம் 150 கிலோ பேபி பிங்க் கொடுத்தேன். வந்ததைப் பார்த்தால் அழுக்குப் பிங்க். டியூப் லைட்டில் தெரியவில்லை, வாசல் வெயிலில் பிடித்ததும் தெரிந்தது. செலவைக் குறைக்க, சவ்வு வழியாகச் சுத்தம் செய்த உப்புக் கரைசலைப் பளிங்காக்காமல் நேரடியாகவே சாயத்துக்குத் திருப்புகிற ஏற்பாடும் அங்கே உண்டு. அது நல்ல யோசனைதான், கொதிக்க வைக்கிற வேலை மிச்சம். ஆனால் அந்தக் கரைசலில் கொஞ்சம் பழைய நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். கறுப்புக்கும் நேவிக்கும் அது தெரியாது, பேபி பிங்க்கைக் கெடுத்துவிடும். யாரோ தவறான வால்வைத் திறந்திருக்கிறார்கள். மாஸ்டர் மறைக்கவில்லை. அவர்கள் செலவிலேயே ஒயின் நிறமாக மாற்றிக் கொடுத்தார்கள். ஒயின் நிறத்தில் கைக்குழந்தை பனியன் யார் வாங்குவார்கள் சொல்லுங்கள். அதில் பாதி இன்னும் என் மாடியில் இருக்கிறது.

இரண்டாவது, தாமதம். மூன்று வருஷத்தில் நான்கு தடவை சொன்ன நாளில் துணி வரவில்லை. ஒரு தடவை ஒன்பது நாள். எவாப்பரேட்டர் குழாயில் உப்பு படிந்து அடைத்துவிட்டது, சுத்தம் செய்கிறோம், தொட்டி நிரம்பிவிட்டது, அதனால் சாயம் நிறுத்தம் என்றார்கள். அன்றைக்குக் கத்தினேன். இரவு யோசித்துப் பார்த்தால், வெளியே விடுகிற வழி இருக்கிற பட்டறைக்குத் தொட்டி நிரம்பினால் என்ன கவலை? அது பாட்டுக்கு ஓடும். எவாப்பரேட்டர் நின்றால் சாயமும் நிற்கிறது என்றால் குழாய் வேறு எங்கும் போகவில்லை என்று அர்த்தம். அந்த ஒன்பது நாளில் எனக்கு ஒரு வியாபாரி போனார், அது வேறு விஷயம். அவர் பேமெண்ட்டும் இழுப்பார்.

மூன்றாவதை யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. எல்லா உப்பும் பளிங்காக வருவதில்லை. சோடா ஆஷிலிருந்து வந்தது, தண்ணீரில் ஏற்கனவே இருந்தது, நிறம் கலந்தது என்று கடைசியில் ஒரு கலப்பு உப்பு மிஞ்சுகிறது. பழுப்பு நிறம். அதைத் திரும்பச் சாயத்துக்குப் போட முடியாது. மூட்டை கட்டித் தகரக் கொட்டகையில் அடுக்குகிறார்கள். ஊரில் பல சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே நிலைமைதான். மழை படாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பாய்லரும் விறகில்தான் எரிகிறது. நொய்யலுக்குப் போகாத கழிவுக்காக எங்கேயோ மரம் எரிகிறது என்பதை நான் கணக்கில் எழுதாமல் இருக்க முடியாது. என் பொருள் சமநிலையில் அந்தக் கொட்டகை ‘உள்ளே தேங்கியது’ என்ற பத்தியில் இருக்கிறது, வருஷா வருஷம் ஏறிக்கொண்டே.

அக்கவுண்டன்ட் போனை எடுக்க மாட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்றபடி வேலை சுத்தம். லேப் டிப், அதாவது சின்னத் துண்டில் சாயம் போட்டுக் காட்டுகிற மாதிரி, மூன்று நாளில் வரும், இரண்டாவது முயற்சியில் சேடு பொருந்திவிடும். துவைப்பில் சாயம் போனதாக இதுவரை ஒரு புகார்தான், அதுவும் அந்த அம்மா வெள்ளைப் பள்ளிச் சட்டையோடு புது மெரூனை ஊறப்போட்டிருந்தார். சின்ன லாட்டும் எடுப்பார்கள், ஆனால் 100 கிலோவுக்குக் கீழே போனால் ரேட் ஏறும். உங்கள் ஆர்டரில் பேபி பிங்க், ஸ்கை புளூ மாதிரி இருந்தால் ‘புது உப்பில் போடுங்கள்’ என்று ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். நான் இப்போது சிவப்புப் பேனாவில் எழுதுகிறேன்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்றில் அரை அந்த ஒயின் பனியனுக்கு, அரை கொட்டகைக்கு.

இந்த வாரம் 180 கிலோ பாட்டில் கிரீன் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருவதாக மாஸ்டர் சொல்லியிருக்கிறார். கடைக்காரருக்குத் திங்கள்கிழமை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.