உணவு உண்ணச் சிரமப்படும் குழந்தைகளுக்கான சிகிச்சைப் பிரிவு: ஒரு மதிப்பீடு

வன்னியில் உள்ள அரச வைத்தியசாலை ஒன்றின் பேச்சு, மொழிச் சிகிச்சைப் பிரிவு, உறிஞ்சவும் மெல்லவும் விழுங்கவும் சிரமப்படும் குழந்தைகளையும் பார்க்கிறது என்பது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. என் தங்கையின் 11 மாத மகன் அரைத்து வடித்த கூழைத் தவிர எதையும் ஏற்கவில்லை. ஒரு சோற்றுப் பருக்கை நாக்கில் பட்டாலே ஓங்காளித்தான். நிறை கூடாததைக் கண்ட குடும்பநல உத்தியோகத்தரே எங்களை அங்கு அனுப்பினார்.

வழக்கமான சாப்பாட்டையும் கரண்டியையும் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தலை பின்னால் சரியாதபடி துவாய் ஒன்றைச் சுருட்டி முதுகுக்கு அணை கொடுத்து, பிள்ளையைத் தாயின் மடியில் நிமிர்த்தி இருத்திய சிகிச்சையாளர், மசித்த வற்றாளங்கிழங்கை நுனிக் கரண்டியில் எடுத்து நாக்கின் நடுவில் வைக்காமல் கன்னப் பக்க முரசில் வைத்தார். பிள்ளை ஓங்காளித்தான், கண் கலங்கியது, தங்கை கையை நீட்டிவிட்டாள். "பொறுங்கோ அம்மா, சத்தம் வருகுதுதானே, மூச்சு போகுது. சத்தமே இல்லாமல் திணறினால்தான் ஆபத்து" என்றார். சிறிது நேரத்தில் நாக்கு பக்கவாட்டில் அசைந்து கிழங்கைத் தேடியது.

6 மாதம் நிறைந்ததும் திண்ம உணவைத் தொடங்கி, 9, 10 மாதத்துக்குள் கட்டியுள்ள உணவுக்குப் பழக்காவிட்டால், பின்னர் மறுப்பு அதிகமாகலாம் என்றும், புதிய உணவொன்றைப் பத்துத் தடவைக்கு மேலும் கொடுத்துப் பார்க்க வேண்டிவரலாம் என்றும் விளக்கினார். எதை, எப்போது கொடுப்பது என்பது பெரியவர்களின் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். கையைப் பிடித்துப் பருக்குவதும் கைத்தொலைபேசியைக் காட்டி ஊட்டுவதும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். 2009 இல் இறுதிப் போரின்போது கஞ்சிக்கு வரிசையில் நின்ற தலைமுறை, பிள்ளை ஒரு வாய் மறுத்தாலும் பதறுவது இயல்பு. எங்கள் அம்மாவையும் உள்ளே அழைத்து, குறை சொல்லாமல் இதைப் பேசியதற்காகவே இந்தப் பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. கையில் தந்த அறிவுறுத்தல் தாளில் சீஸும் ப்ரோக்கோலியும் இருந்தன. முருங்கையிலை, பயறு, குரக்கன், குளத்து மீன் ஒன்றும் இல்லை. குழந்தைகள் இருந்து உண்ணும் உயர்ந்த கதிரை இல்லை. அடுத்த தவணைக்கு நீண்ட நாள் காத்திருக்க வேண்டியுள்ளது. ஒட்டுசுட்டான் போன்ற இடங்களிலிருந்து பஸ்ஸில் வருவோருக்கு ஒரு நாள் கூலியும் போகிறது.

தங்கையின் மகன் இப்போது சொதியில் ஊறிய இடியப்பத்தை மென்று விழுங்குகிறான்; மீனை இன்னும் துப்புகிறான். பால் குடிக்கையில் அடிக்கடி இருமுவது, குரல் ஈரமாகக் கரகரப்பது, வியர்ப்பது, ஒரு வேளை உணவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் எடுப்பது ஆகியவற்றைக் கண்டால், வளர வளரச் சரியாகும் என்று இருந்துவிடாமல் கிளினிக்கில் சொல்லி இந்தப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். உதடு நீலமாகினால் கடிதத்துக்கு நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.