வால்வு ஆம்ப் என்று நம்பி 14,500 போச்சு, பெங்களூர் கிட்டார்காரர்கள் கவனம்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மொத்தம் 14,500 ரூபாய். கிட்டார் வேலைக்கு 6,500, ஆம்ப்புக்கு (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) 8,000.

என்னிடம் இருப்பது மலிவான ஸ்ட்ராட் மாடல் எலெக்ட்ரிக் கிட்டார். நெக் (கழுத்து) நேராக இருக்கிறது, அதனால் பிக்கப்பும் (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) நட்டும் (கழுத்து நுனியில் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டை) மாற்றினால் போதும், புதுசு வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு இப்போதும் சரிதான், ஆள்தான் தப்பு.

பழைய கிட்டார், ஆம்ப் வாங்கி விற்று, ரிப்பேரும் பார்க்கும் ஒரு சின்னக் கடை. அல்சூரில் பத்து வருஷம் இருந்தும் தேறாத என் கன்னடத்தில் ஆரம்பித்தேன், அவர் சிரித்துக்கொண்டே "தம்பி, தமிழ்லயே பேசுங்க, நமக்கும் சேலம் பக்கம்தான்" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். ஆல்னிகோ காந்தம் வைத்த பிக்கப், எலும்பு நட், இரைச்சல் வராமல் இருக்க உள்ளே செப்புத் தகடு, எல்லாம் போட்டுத் தருகிறேன் என்றவர், அப்படியே மூலையில் இருந்த ஆம்ப்பை ஆன் செய்தார். கம்பி வலைக்குப் பின்னால் கண்ணாடிக் குழாய் (சூடானால்தான் சத்தத்தைப் பெருக்கும் வால்வு) ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. "வால்வு தம்பி, இந்த விலைக்கு யார் தருவா?" பில் கேட்டதற்கு "நமக்குள்ள என்ன பில்லு". யுபிஐயில் வேறு யாரோ பெயர் வந்தது. அப்போதாவது முழித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த நண்பன்தான் முதலில் பிடித்தான். "வால்வு சூடாகவே இல்லையே, ஆன் பண்ணதும் எப்படிடா சத்தம் வருது?" ஆஃப் செய்தோம், வெளிச்சம் பொட்டென்று அணைந்தது. நிஜ வால்வு என்றால் இழை மெல்ல மெல்லத்தான் மங்கும். பின்பக்கம் கழற்றினால் குழாய்க்கு அடியில் ஒரு எல்இடி! குழாயைப் பிடுங்கிவிட்டு வாசித்தோம், அதே சத்தம்.

அப்புறம் கிட்டாரையும் திறந்தேன். பிக்கப்புக்கு அடியில் அதே பழைய செராமிக் காந்தப் பட்டை, மேலே கவர் மட்டும் புதுசு. ஸ்விட்சில் ரெண்டு வருஷம் முன்னால் நானே வைத்த அசிங்கமான சால்டர்கூட அப்படியே இருக்கிறது. செப்புத் தகடு ஒரு துண்டுகூட இல்லை. நட்டை மட்டும் மாற்றியிருக்கிறார், அது எலும்பா பிளாஸ்டிக்கா என்று பார்க்கக்கூட மனசில்லை.

போன் செய்தால் முதலில் "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கார்". அடுத்த வாரம் "வாசிக்க வாசிக்க டோன் செட் ஆகும்". நேரில் போனேன், சேலத்துக்காரர் திடீரென்று இங்கிலீஷில் பேசுகிறார், பில் இருக்கா என்கிறார். அதோடு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். 14,500 ரூபாய், என் அரை மாதச் சம்பளம்.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பிக்கப் மாற்றினால் பழையதைக் கையில் வாங்குங்கள், புதியதைத் திருப்பிப் பாருங்கள், அடியில் பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தால் அநேகமாக செராமிக்தான். ஆம்ப்பை உங்கள் கிட்டாரிலேயே அரை மணி நேரம் வாசித்துப் பாருங்கள். வீட்டில் வாசிக்க 10 வாட் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்பே தாராளம், வால்வு ஆசையே வேண்டாம். பில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள், டீ குடித்திருந்தாலும்.

இன்று காலை அவருடைய ஸ்டேட்டஸில் இன்னொரு ஆம்ப், அதே ஆரஞ்சு வெளிச்சம், விலை 9,500.