கோத்தகிரி மிஸ்ட்டில் எந்த லைட்? ப்ளக், பென்டார்ச் செல், லித்தியம் மூன்றையும் வைத்துப் பார்த்ததில்

போன ஐப்பசியில், என்னிடம் இருந்த இரண்டு ப்ளக் ஸ்டுடியோ லைட்டில் ஒன்றை விற்றுவிட்டேன். 400 வாட்-செகண்ட் (ஒரு ஃபிளாஷுக்குத் தேக்கும் சக்தியின் அளவு), நல்ல நிலையில் இருந்த லைட். அந்தப் பணத்தோடு கொஞ்சம் கையிலிருந்து போட்டு, பேட்டரியில் ஓடும் 200 வாட்-செகண்ட் ஃபிளாஷ் இரண்டாவதாக ஒன்று வாங்கினேன். "பாதி பவர் லைட்டுக்காகப் பெரிய லைட்டை வித்துட்டீங்களா?" என்று கோவையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் விற்றிருக்க மாட்டேன். கோத்தகிரியில் தொழில் செய்கிறவனுக்குக் கணக்கு வேறு.

ஃபிளாஷைக் கேமரா தலையிலிருந்து இறக்கிப் பக்கவாட்டில் வைத்தால் முகத்துக்கு மேடுபள்ளம் வரும், கண்ணில் ஒளிப்பொட்டு விழும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. நான் வருஷக்கணக்கில் வைத்து வேலை செய்தவை மூன்று. நான்கு பென்டார்ச் செல் போடும் ஸ்பீட்லைட், அதாவது கேமரா தலையில் மாட்டும் சின்ன ஃபிளாஷ். சுவர் ப்ளக்கில் ஓடும் ஸ்டுடியோ ஸ்ட்ரோப், அதாவது பெரிய ஃபிளாஷ். இரண்டுக்கும் நடுவில், லித்தியம் பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்ட்ரோப்; என்னிடம் இருப்பது கோடாக்ஸ் ஏடி200. எல்.ஈ.டி. பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதில் எனக்குப் பழக்கம் குறைவு.

வெளிச்சத்தின் தரத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரே சாஃப்ட்பாக்ஸை (வெளிச்சத்தைப் பரப்பும் துணிக் கூடு) மூன்றிலும் மாட்டி, ஒரே தூரத்தில் வைத்து எடுத்த முகங்களைக் கலந்து வைத்தால் எது எந்த லைட் என்று என்னாலேயே சொல்ல முடியாது. முகத்தை மென்மையாக்குவது சாஃப்ட்பாக்ஸின் அளவும் அது எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதும்தான். அதனால் லைட்டை வேறு எதை வைத்தாவது தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மலையில் அதைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: அந்த லைட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, அந்த வழியை ஈரத்திலிருந்து எப்படிக் காப்பாற்றுகிறோம்.

இதை நான் ஒரு எஸ்டேட் பங்களாவில் கற்றுக்கொண்டேன். திருமணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட், காலை ஆறரை மணி. புல்வெளியின் ஓரத்தில் ஜோடியை நிறுத்தி, பங்களா வராந்தாவிலிருந்து 30 மீட்டர் ஒயர் இழுத்து ப்ளக் லைட்டை நிறுத்தியிருந்தோம். இரவு முழுக்கப் பெய்த பனியில் புல் நனைந்து கிடந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்திருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். பத்துப் பன்னிரண்டு படம் எடுத்திருப்போம். ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். உதவிக்கு வந்த பையன் ஈரச் செருப்போடு ஸ்டாண்ட் கம்பியைப் பிடித்ததும் "அண்ணா!" என்று கத்திக் கையை உதறினான். அதே நொடியில் பங்களா மெயின் ட்ரிப் ஆனது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கை வரை விறுவிறுப்பு மட்டும். ஆனால் அன்றைக்கு மிச்ச ஷூட்டை ஸ்பீட்லைட்டில் முடித்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் புல்லில் ஒயர் இழுத்ததில்லை. ஃபிளாஷ் எதுவானாலும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைக்கிற சாதனம். அதோடு சுவர் கரண்டையும் சேர்த்து ஈரத்தில் நிறுத்துவது எந்தப் படத்துக்காகவும் செய்யக்கூடாத காரியம்.

வீட்டுக்குள் எடுத்தாலும் ப்ளக் லைட் இங்கே கை கொடுப்பதில்லை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் நன்றாகப் பெய்யும். ஐப்பசி கார்த்திகையில் லைன் மேல் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் பிறகு கெப்பாசிட்டர் ஒரே மூச்சில் கரண்டை இழுக்கும். நான்காவது படத்திலேயே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது, ஏழாவதில் நின்றுவிட்டது. பெரிய சைன்வேவ் இன்வெர்ட்டராக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம், நான் அதை முயன்று பார்க்கவில்லை.

சரி, ஸ்பீட்லைட்? நானும் அதில்தான் ஆரம்பித்தேன், இப்போது ஆரம்பிக்கிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஒரு ஏடி200 விலையில் ஏறக்குறைய நான்கு மேனுவல் ஸ்பீட்லைட் வாங்கலாம். குறை இரண்டு. ஒன்று, சக்தி. சீசன் மாதத்தில், மதிய வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100-ல் ஷட்டர் 1/200 வைத்தால் பின்னணிக்கு எஃப் 11 வேண்டும் (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும், ஃபிளாஷ் சக்தியும் கூட வேண்டும்). குடை மாட்டிய ஸ்பீட்லைட் ஒன்றரை மீட்டரில் முழுச் சக்தியில் எஃப் 8 தந்தால் பெரிது. ஏடி200 அதைவிட ஒன்றரை ஸ்டாப் அளவுக்குக் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), அந்த வெயிலோடு மல்லுக்கட்ட அது போதும். ஷட்டரை இன்னும் வேகமாக வைக்க உதவும் ஹை ஸ்பீட் சிங்க் போட்டால் ஃபிளாஷில் இரண்டு ஸ்டாப் வரை போய்விடும் என்பதால் ஸ்பீட்லைட்டுக்கு அந்த வழியும் அடைபடுகிறது.

இரண்டாவது குறை செல். இரண்டு ஸ்பீட்லைட்டுக்கு எட்டு, மாற்றுக்கு எட்டு. பதினாறையும் நான்கு நான்காக ஜோடி மாறாமல் வைத்திருந்து, முதல் நாள் இரவே சார்ஜ் போட வேண்டும். ஒரு செல் சோர்ந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து சோர்கின்றன. காலையில் மூன்று நொடியில் ரெடியாகும் ஃபிளாஷ், மதியம் ஏழு நொடி எடுக்கும். அந்த ஏழு நொடியில் குழந்தையின் சிரிப்பு போய்விடும். ஒருமுறை சாதாரண ஆல்கலைன் செல்லை எடுக்க மறந்து பையில் வைத்துவிட்டேன். மழைக்காலம் முடிந்து திறந்தால் செல் கசிந்து, காண்டாக்ட் எல்லாம் பச்சை பூத்திருந்தது. அந்த ஃபிளாஷ் அதற்கப்புறம் எரியவே இல்லை.

லித்தியம் பேக்கில் இந்தத் தொல்லைகள் ஒன்றும் இல்லை. ஏடி200 பேட்டரி 14.4 வோல்ட், 2900 எம்.ஏ.எச்.; முழுச் சக்தியில் சுமார் 500 ஃபிளாஷ் என்கிறார்கள். நான் பெரும்பாலும் கால் சக்தியிலோ அதற்குக் கீழேயோ எடுக்கிறேன், ஒரு முழு நாளில் பேட்டரி தீர்ந்ததே இல்லை. முழுச் சக்தியிலும் சுமார் இரண்டு நொடியில் திரும்ப ரெடி. மொத்த எடை ஒரு கிலோவுக்குள் என்பதால், ஸ்டாண்ட் நிற்காத தேயிலைச் சரிவில் மோனோபாட் (ஒற்றைக் கால் கம்பு) நுனியில் மாட்டிப் பையன் கையில் கொடுத்துவிடலாம். காற்றடித்தால் அவனே சாய்ந்து பிடித்துக்கொள்வான்.

ஆனால் இந்த பேட்டரியும் பராமரிப்பு கேட்கும். ஒன்று கெட்டால் கடைவீதியில் மாற்று கிடைக்காது, கோவையிலிருந்தோ ஆன்லைனிலோ வரவேண்டும், விலையும் அதிகம். அதனால் சில பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். வேலை இல்லாத மாதங்களில் பாதி சார்ஜில் தனியே கழற்றி வைப்பேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து ஏற்றுவேன். மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும் விடியலில் வேலை என்றால் பேட்டரி ஸ்வெட்டர் பாக்கெட்டில் இருக்கும், கடைசி நிமிஷத்தில்தான் ஃபிளாஷில் ஏறும். குளிரில் லித்தியம் முழு அளவு தராது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் செல்லே கெட்டுவிடும் என்பதால், திரும்பி வந்ததும் சார்ஜரில் செருகுவதும் இல்லை. பையை மூடியபடியே ஒரு மணி நேரம் அறையில் வைக்கிறேன். குளிர்ந்த சாதனத்தை அடுப்பெரியும் வீட்டுக்குள் திறந்தால் கண்ணாடி, காண்டாக்ட், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் நீர் பூக்கும். பையின் உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் எப்போதும் உண்டு.

இனி, இந்த லைட்டை நான் நேசிப்பதற்கான காரணம்: மிஸ்ட். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மிஸ்ட் இறங்கும்போது ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். கேமரா மேல் ஃபிளாஷ் வைத்தால் நடப்பதும் அதுதான். லென்ஸுக்கும் முகத்துக்கும் நடுவில் மிதக்கும் துளிகள் எல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். லைட்டைப் பக்கவாட்டில், முகத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் கொண்டுபோய், சாஃப்ட்பாக்ஸில் ஒளி பக்கத்தில் சிதறாமல் தடுக்கும் கிரிட் மாட்டினால் அந்த நடுப்பகுதி இருட்டாகவே இருக்கும், முகம் மட்டும் தெளியும். இரண்டாவது லைட்டை ஜோடிக்குப் பின்னால் நான்கு மீட்டரில், அவர்கள் உடலுக்கு மறைவாக, கேமராவைப் பார்த்து வைப்பேன். ஏடி200-ல் ஸ்பீட்லைட் மாதிரி சதுர முகத்தைக் கழற்றிவிட்டு வெறும் பல்ப் தலையை மாட்டலாம். அது நாலாபுறமும் வீசுவதால் மிஸ்ட் முழுவதும் உள்ளேயிருந்து எரிவதுபோல் ஒளிரும். முகம் பார்க்கும் லைட்டுக்குக் கால் சி.டி.ஓ. ஜெல் (ஒளியை லேசாக ஆரஞ்சாக்கும் தாள்) போதும். மூட்டமான நாளில் சுற்றுப்புறம் நீலம் பாய்ந்து இருக்கும், அதில் தோலுக்குக் கொஞ்சம் சூடு வரும்.

தேயிலைத் தோட்டத்தில் எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். இலையில் பட்டுத் திரும்பும் பச்சை, தாடைக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் அதைத் தனியாகப் பிரித்து எடுப்பது பெரிய வேலை. சுற்று வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் குறைத்து, முகத்துக்கு ஃபிளாஷையே பிரதான வெளிச்சமாக்கினால் பச்சை தானாக அடங்கிவிடுகிறது.

ஹெத்தை அம்மன் பண்டிகைச் சமயத்தில் படுகர் வீடுகளில் குடும்பப் படம் கேட்பார்கள். எல்லோரும் வெள்ளை உடுத்தி நிற்பார்கள். சென்ற முறை ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) வயதான அம்மா ஒருவரை வீட்டுத் திண்ணையில் தனியாக உட்காரவைத்து எடுத்தேன். நெற்றியில் பச்சை குத்தியிருந்தார்கள், வயதில் மங்கி நீலமாகிப் போன கோடும் புள்ளியும். நேர் வெளிச்சத்தில் முதல் படத்தில் அது காணவே இல்லை, துணியும் வெளுத்துப்போனது. சாஃப்ட்பாக்ஸை அவர்கள் காதுக்கு நேராகக் கொண்டுபோய், அதன் ஓர வெளிச்சம் மட்டும் முகத்தில் படும்படி திருப்பினேன். பச்சையின் ஒவ்வொரு புள்ளியும் சுருக்கத்தின் நடுவில் எழுந்து நின்றது, முண்டின் மடிப்புகூடத் தெரிந்தது. அந்தத் திண்ணையில் ப்ளக் கிடையாது.

ப்ளக் லைட் வெல்லும் இடம் ஸ்டுடியோதான். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடத்து ஐடி கார்டு என்று ஒரு நாளில் நூறு முகம் வந்தாலும் சளைக்காது. மாடலிங் லாம்ப் எரிந்துகொண்டே இருப்பதால் மூக்கு நிழல் எங்கே விழுகிறது என்று எடுக்குமுன்பே பார்க்கலாம். ஏடி200-ன் குட்டி எல்.ஈ.டி. அதற்கு ஈடாகாது. அதனால் ஒன்றை விற்காமல் வைத்திருக்கிறேன். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் கெப்பாசிட்டர் கெடும் என்பதால், வேலை இல்லாத மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ஒரு மணி நேரம் ஆன் செய்து வைத்து, சில ஃபிளாஷ் அடித்துவிடுவேன். விற்ற லைட்டுக்கு ஆள் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. வாங்க வந்தவர்களில் மலையில் தொழில் செய்கிறவர் ஒருவரும் இல்லை, சமவெளிக்காரர்தான் வாங்கினார்.

எல்.ஈ.டி.யை இரண்டு முறைதான் இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன், 60 வாட் லைட். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் இந்து ஃபிலிம் ரோல் ஓடிய காலத்தில் பெரிய பல்பைப் போட்டு முகம் எடுத்தார்களே, அதே முறைதான், சூடு மட்டும் இல்லை. கண்ணால் பார்ப்பதே படத்தில் வருவதால் கற்றுக்கொள்ள எளிது, வீடியோவுக்கும் உதவும். வெயிலில் அது எடுபடவில்லை. வீட்டுக்குள் ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டியிருந்தது, தொடர்ந்து எரியும் வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிவிடுகிறது, வயதானவர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். 200 வாட், 300 வாட் லைட்டில் இது எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. சீசன் தொடங்குவதற்குள் ஒன்றைக் கோவையிலிருந்து இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, அதே திண்ணையில், அதே அம்மாவை உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.