27ஆம் டெர்மினலிலிருந்து பார்த்தால்: டான்ஃபாஸ் எஃப்.சி. 302 டிரைவ் பற்றிய மதிப்பீடு

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான, டான்ஃபாஸ் நிறுவனத்தின் வி.எல்.டி. ஆட்டோமேஷன் டிரைவ் எஃப்.சி. 302ஐ முதன்முறையாகப் பேனலில் பொருத்துபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுவார்கள். மோட்டார் விவரங்களைப் பதிந்தாயிற்று, 18ஆம் டெர்மினலுக்கு (வயர் இணைக்கும் முனைக்கு) ஸ்டார்ட் சிக்னலும் வந்துவிட்டது; ஆனால் மோட்டார் அசையாது, திரையின் அடிவரியில் ‘ஆட்டோ ரிமோட் கோஸ்டிங்’ என்ற சொற்கள் நிற்கும். இது டிரைவின் பழுதன்று. 27ஆம் டெர்மினலுக்குத் தயாரிப்பாளரே கொடுத்தனுப்பும் வேலை ‘கோஸ்ட் இன்வர்ஸ்’. அதாவது, அங்கே 24 வோல்ட் இருக்கும்வரைதான் டிரைவ் மோட்டாரை ஓட்டும், சிக்னல் போனால் மோட்டாரைத் தன் போக்கில் சுழன்று நிற்க விட்டுவிடும்.

24 வோல்ட் தரும் 12ஆம் டெர்மினலுக்கும் 27க்கும் இடையே ஒரு ஜம்பர் (இணைப்பு வயர்) போட்டாலோ, 27இன் வேலையைக் குறிக்கும் 5-12 பாராமீட்டரில் ‘நோ ஆபரேஷன்’ என்று மாற்றினாலோ மோட்டார் ஓடிவிடும். சோதனை ஓட்டத்துக்கு அது போதும். ஆனால் அந்த ஜம்பரை அப்படியே விட்டுவிட்டு வருவதை நான் ஏற்பதில்லை. கதவு சுவிட்ச், ஓவர்லோட் காண்டாக்ட் போன்ற இன்டர்லாக்குகளை (பாதுகாப்பில்லாத நிலையில் ஓட்டத்தைத் தடுக்கும் காண்டாக்டுகளை) வரிசையாக இணைத்து 27க்குக் கொண்டுவந்தால், வயர் அறுந்தாலும் காண்டாக்ட் கழன்றாலும் மோட்டார் நிற்கும். இந்த டிரைவில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

எந்த டெர்மினலுக்கு எந்த வேலை என்பதை 5ஆம் தொகுதிப் பாராமீட்டர்கள் முடிவு செய்கின்றன. 18க்கு ஸ்டார்ட், 19க்கு ரிவர்ஸ், 29க்கு ஜாக் (முன்பே குறித்த வேகத்தில் ஓட்டுவது) என்று வரும் இயல்பு அமைப்பு சாதாரணக் கன்வேயருக்குப் போதுமானது. 27, 29 இரண்டையும் 5-01, 5-02 மூலம் அவுட்புட்டாகவும் மாற்றிக்கொள்ளலாம். 32, 33 இரண்டும் 24 வோல்ட் என்கோடரை (சுழற்சியை அளக்கும் கருவியை) ஏற்கும். ஆகவே என்கோடர் வரப்போகிற இயந்திரமென்றால், அந்த இரண்டு டெர்மினல்களையும் வேறு சுவிட்சுகளுக்குக் கொடுத்துவிடாமல் வரைபடத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். பி.என்.பி. சென்சாரா (இயங்கும்போது +24 வோல்ட் தருவது), என்.பி.என். சென்சாரா (0 வோல்ட்டுடன் இணைப்பது) என்பதை 5-00 தீர்மானிக்கிறது. அது இன்புட்டுகள் அனைத்துக்கும் பொதுவானது என்பதால் இரண்டு வகையையும் கலக்க முடியாது. 12, 13 டெர்மினல்கள் தரும் 24 வோல்ட் மின்னோட்டத்தின் எல்லை 200 மில்லி ஆம்பியர். சென்சார்கள் பலவானால் தனி பவர் சப்ளை வைத்து, அதன் காமனை (0 வோல்ட் முனையை) இன்புட்டுகளின் பொது முனையான 20உடன் சேர்ப்பதே முறை.

அனலாக் பக்கத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. 53, 54 ஆகியவை வோல்டேஜாகவோ கரண்ட்டாகவோ சிக்னலை ஏற்கும். ஆனால் அந்தத் தேர்வு பாராமீட்டரில் இல்லை, டிரைவின் முகப்பில் உள்ள கைத்திரையைக் (பட்டன்களுடன் கூடிய திரையை) கழற்றினால் தெரியும் எஸ்201, எஸ்202 என்ற சிறு சுவிட்சுகளில் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் அவற்றைத் தொட வேண்டும். 53இல் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் கொடுப்பவர்கள் சுவிட்சை மாற்றியதோடு நின்றுவிடக் கூடாது. 6-12இல் கீழெல்லையை 4 என்று பதிய வேண்டும். அதன்பின் 6-01இல், சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்ற ‘லைவ் ஜீரோ’ செயலையும் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் அது இயல்பில் அணைந்தே இருக்கும். இதைச் செய்யாவிட்டால் அறுந்த வயரையும் ‘மெதுவாக ஓடு’ என்ற கட்டளையையும் டிரைவால் பிரித்தறிய முடியாது. பம்புக்கு நின்று ட்ரிப் ஆவதைத் தேர்வேன். நிற்கக் கூடாத காற்றோட்ட விசிறிக்கு, இருந்த வேகத்திலேயே ஓடவிடும் தேர்வு பொருந்தும்.

இரண்டு ரிலேக்களின் வேலையை 5-40இல் கொடுக்கலாம். பலரும் ‘அலாரம்’ என்று கொடுத்து முடித்துவிடுகிறார்கள். நான் ‘டிரைவ் ரெடி’ என்பதைத் தேர்ந்து, 01–02 காண்டாக்டைப் பி.எல்.சி.க்கு (இயந்திரத்தை நடத்தும் கட்டுப்பாட்டுக் கணினிக்கு) அனுப்புவேன், டிரைவுக்கு மின்சாரமே இல்லாத நிலையையும் அப்போது பி.எல்.சி. பழுதாகவே காணும்.

வேலை முடிந்ததும் 16-60 பாராமீட்டரைத் திரையில் வைத்துக்கொண்டு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். ஒவ்வோர் இன்புட்டும் 0 அல்லது 1 என்று தெரியும். வலக்கோடியில் இருப்பது 33, அதற்கு இடப்பக்கம் 32, பிறகு 29 என்று வரிசை போகிறது. மல்டிமீட்டரைத் தேடி ஓடாமல் வயரிங் பிழைகளில் பெரும்பாலானவற்றை இங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

37ஆம் டெர்மினலை மட்டும் மற்றவற்றோடு சேர்த்து எண்ணக் கூடாது. அது மோட்டாரின் முறுக்குவிசையை நிறுத்தும் பாதுகாப்பு இன்புட். அதன் வேலையை வேறொன்றாக மாற்ற முடியாது, மாற்ற முடியாமல் வைத்திருப்பதே சரி. ஆனாலும் அது மோட்டாரை மின்சாரத்திலிருந்து பிரிப்பதில்லை என்பதை மறந்து, மெயின் சுவிட்சை அணைக்காமல் மோட்டாரின் டெர்மினல் பெட்டியை எவரும் திறக்கக் கூடாது.

குறை என்று சொல்ல வேண்டுமானால், டெர்மினல் எண்களின் வரிசை புதியவர்களைக் குழப்பும்: 19க்கு அடுத்தது 27, 33க்கு அடுத்தது 20. ஆகவே எண்ணோடு வேலையையும் எழுதிய ஒரு தாளைப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கிறேன். பாராமீட்டர்கள் அனைத்தையும் 0-50 மூலம் கைத்திரையில் நகலெடுத்துவைப்பதும் அன்றே முடிய வேண்டிய வேலை. நள்ளிரவில் டிரைவை மாற்ற நேர்ந்தால், ஷிஃப்டில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அந்தக் கைத்திரையைப் புதிய டிரைவில் செருகி, 0-50 மூலம் பாராமீட்டர்களை டிரைவுக்கு நகலெடுத்து, எஸ்201, எஸ்202 சுவிட்சுகளைப் பழையபடி வைத்தால் டெர்மினல் ஒதுக்கீடு முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும்.