நூலா, 3டி மெஷினா? வீல் அலைன்மென்டுக்கு எது கைகொடுக்கும்?

முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவும்போது வழவழப்பாகவும், திருப்பித் தடவும்போது அரம் போலவும் இருந்தால், டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கெட்டிருக்கிறது என்று அர்த்தம். இதைச் சரிசெய்ய மெஷினுக்குத்தான் போக வேண்டுமா, நூல் கட்டியே முடித்துவிடலாமா? இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: டோ மட்டும்தான் பிரச்சினை என்றால் நூல் போதும்.

ஆனால் பொறுமை வேண்டும். காரின் இருபுறமும் சக்கர மைய உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுகிறோம். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் பல கார்களில் ஒன்றாக இருக்காது. அதனால் நூலை டயரோடு ஒட்டிக் கட்டினால் கணக்கு தப்பிவிடும். சக்கர மையமான ஹப்பிலிருந்து நூல் வரையுள்ள தூரம் இடமும் வலமும் சமமாக வேண்டும். இரு நூல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி முன்னும் பின்னும் ஒன்றாக வேண்டும். இதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். பிறகு ஸ்டீல் ஸ்கேலை வைத்து ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அளக்கலாம். முன் விளிம்பு நூலிலிருந்து 1 மி.மீ. கூடுதலாகத் தள்ளியிருந்தால் அந்தச் சக்கரம் டோ-இன், அதாவது முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. 400 மி.மீ. ரிம்மில் இது ஏறக்குறைய 0.14 டிகிரி. ரிம் லேசாக வளைந்திருந்தால் அளவு ஏமாற்றும். அதனால் சக்கரம் அரைச்சுற்று உருளும்படி காரைத் தள்ளி, மறுபடி அளந்து சராசரி எடுங்கள்.

3டி மெஷினில் காரைக் கொஞ்சம் உருட்டினாலே சக்கரத்தில் மாட்டிய பலகைகளைக் கேமரா பார்த்து அந்த வளைவைக் கழித்துவிடும். கேம்பரும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) உடனே தெரியும். காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) பார்க்க ஸ்டியரிங்கை இருபுறமும் ஒடித்து அளக்க வேண்டும். நூலால் அது ஆகாது. பள்ளத்தில் பலமாக இறங்கிய பிறகோ, ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) மாற்றிய பிறகோ நூலோடு மல்லுக்கட்டாதீர்கள், நேரே மெஷினுக்குப் போங்கள்.

ஆனாலும் மெஷினைப் பிடித்திருக்கும் கை முக்கியம். ஒரு கடையில் திரை முழுக்கப் பச்சை காட்டி அனுப்பினார்கள். நேர் ரோட்டில் ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. ஸ்டியரிங்கை நடுவில் வைத்துப் பூட்டாமலே டை ராடை (ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) திருகியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு பக்கத்து ராடை நீட்டி, மறுபக்கத்தை அதே அளவு குறைத்தேன். மொத்த டோ மாறவில்லை, ஸ்டியரிங் நூல் பிடித்தாற்போல் நேரானது.

எந்த முறையானாலும் முதலில் ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தை இட வலமாகவும், மேல் கீழாகவும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் டை ராட் எண்டையோ பால் ஜாயின்ட்டையோ பேரிங்கையோ மாற்றிவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும்.