ஐந்து பிளை (ஐந்து அடுக்குக் காகிதம் ஒட்டிய அட்டை) என்று நம்பி 31,200 ரூபாயை விட்ட கதை (பெட்டி வாங்குகிறவர்கள் படியுங்கள்)

மக்களே, கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 31,200 ரூபாய். அட்டைப்பெட்டிக்கு.

நமக்கு மார்த்தாண்டம் பக்கம் தேன் தொழில். ரப்பர் தளிர்க்கிற சீசனில் எடுக்கிற தேனை ஒரு கிலோ கண்ணாடிக் குப்பியில் அடைத்துச் சென்னைக்கு அனுப்புவோம். 12 குப்பி ஒரு பெட்டி, கண்ணாடியோடு சேர்த்து 17 கிலோ வரும். இதுவரை சாதாரண மடிப்புப் பெட்டிதான். சென்னைக் கடைக்காரர் இந்த முறை டெலஸ்கோப்பிக் பெட்டி கேட்டார். அடி தனி, மூடி தனி, டேப் கிழிக்காமல் மூடியைத் தூக்கி எடுத்துவிட்டு மறுபடி மூடி வைக்கலாம். மூடி தரை வரைக்கும் இறங்கினால் நாலு பக்கச் சுவரும் இரட்டையாகிவிடும், அதன் பலமே அதுதான். வாழைப்பழம் ஏற்றுமதிக்குப் போகிற பெட்டியைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஜாதி.

நாகர்கோவிலில் ஒருவர் 92 ரூபாய் சொன்னார். நேரில் போய்ப் பார்த்து வாங்கியிருக்கலாம். நான் எங்கே போனேன், மொத்த வியாபார ஆப் ஒன்றில் 78 ரூபாய் என்று கண்டதும் அங்கே போனேன். 400 பெட்டிக்கு 5,600 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்ட புத்திசாலி நான்தான்.

போனில் பேசிய பையன் முதல் பேச்சிலேயே, "அண்ணே, தேன் குப்பியா? அப்ப அஞ்சு பிளைக்குக் கீழ போகாதீங்க, நானே வித்தாலும் வாங்காதீங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். விற்கிறவனே வாங்காதே என்கிறானே, எவ்வளவு நேர்மை என்று வீட்டிலும் சொல்லிப் பெருமைப்பட்டேன். சாம்பிள் பெட்டி ஒன்று பஸ் பார்சலில் வந்தது. அதன்மேல் ஏறி நின்றேன், அசையவில்லை. தேன் நிறுக்கிற தராசில் வைத்தால் 720 கிராம். அன்று ராத்திரியே பாதிப் பணம் 15,600 போட்டேன். லாரியில் கட்டு ஏற்றுகிற போட்டோ வந்ததும் மீதி 15,600. சரக்கைக் கண்ணால் பார்க்குமுன் மொத்தமும் போய்விட்டது.

வந்த பெட்டியில் மூடி பாதி உயரம்தான் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டால், "அது புது டிசைன் அண்ணே, காத்தோட்டம்." குப்பிக்குள் இருக்கிற தேனுக்கு எதற்குக் காற்றோட்டம் என்று அப்போது தோன்றவில்லை பாருங்கள். மறுநாள் லோடு போக வேண்டும் என்ற அவசரம். 40 பெட்டி ஏற்றினோம், ஆறு வரிசை உயரம்.

மூன்றாம் நாள் பார்சல் ஆபீசில் இருந்து போன். "அண்ணாச்சி, உங்க பெட்டி எல்லாம் உக்காந்துட்டு, லாரி பூரா எறும்பு." அடிவரிசைப் பெட்டி ஒவ்வொன்றின் தலையிலும் 85 கிலோ. 61 குப்பி நொறுங்கியது. தேன் நஷ்டத்தை நான் இங்கே சேர்க்கவே இல்லை, சேர்த்தால் தூக்கம் போய்விடும். பெட்டிக் காசு மட்டுமே 31,200.

அன்றைக்குத்தான் கத்தி எடுத்து இரண்டு பெட்டியையும் அறுத்துப் பார்த்தேன். சாம்பிளின் ஓரத்தில் இரண்டு அலை (நெளிநெளியாக மடித்த காகிதம்), மேலும் கீழும் நடுவிலுமாக மூன்று காகிதம், அது ஐந்து பிளை. பக்கச் சுவரில் அலைகள் மேலிருந்து கீழாகத் தூண் மாதிரி நிற்கின்றன. வந்த சரக்கில் மூடிக்கு ஒரே அலை, மூன்று பிளை. அடிப்பெட்டிக்கு இரண்டு அலை இருக்கிறது, ஆனால் படுத்துக் கிடக்கிறது. படுத்த அலை பாரம் தாங்குமா? ஷீட்டில் மிச்சம் பிடிக்கத் திருப்பி வெட்டியிருப்பான் என்று நினைக்கிறேன். போதாததற்கு இது ஆனி மழை, ஈரக்காற்றில் பசை இளகி, கட்டை விரலால் தள்ளினால் நனைந்த பப்படம் மாதிரி தாள் தாளாகப் பிரிகிறது. நிறுத்தேன், 410 கிராம்.

அப்புறம் அந்தப் பையன். முதல் நாள் "ஓனர் வெளியூர்". இரண்டாம் நாள் "நீங்க மழையில வச்சிருப்பீங்க". நான்காம் நாள், "அண்ணே, பில்லைப் பாருங்க, பெட்டின்னுதான் போட்டிருக்கு, அஞ்சு பிளைன்னு எங்க இருக்கு?" பார்த்தேன். இல்லைதான். அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதில்லை, மைனி போனில் இருந்து கூப்பிட்டால் எடுக்கிறான், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறான். ஆப்காரர்களோ "நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பவர்கள் மட்டுமே" என்று ஒரு பதிலை அனுப்பிவிட்டு, புகாரைத் தீர்ந்தது என்று மூடிவிட்டு, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். 31,200 ரூபாய்க்கு எத்தனை நட்சத்திரமப்பா?

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் போட்டிருக்கிறேன். வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது, சொந்தப் பிழைப்புக்குச் செய்கிற சுயதொழில் என்று காட்டினால் வழி உண்டு என்று தெரிந்த வக்கீல் சொன்னார். நாகர்கோவில் நுகர்வோர் கமிஷனுக்கும் போகத்தான் போகிறேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பில்லில் பிளை, ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனம், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), பிஎஃப் (காகிதம் கிழியாமல் அழுத்தம் தாங்குகிற அளவு), மூடியின் உயரம் எல்லாம் எழுதி வாங்குங்கள். வந்த சரக்கில் நடுக்கட்டிலிருந்து ஒன்றை உருவி அறுத்துப் பாருங்கள், அலை நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று. சாம்பிளை நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள். மீதிப் பணம் சரக்கு வாசலில் இறங்கிய பிறகு. ஈரத் தரையில் அடுக்காதீர்கள், பலகை போடுங்கள்.

மிச்சம் 360 பெட்டி திண்ணையில் கிடக்கிறது. ஒன்றில் கோழி அடைகாக்கிறது. திங்கட்கிழமை அடுத்த லோடு, நாகர்கோவில்காரர் இப்போது 95 சொல்கிறார்.