இ-ஆப்: அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதிப் படிவத் தளம் எப்படி?

அமெரிக்க அரசின் ரகசியக் கோப்புகளைத் தொடும் வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கு உங்கள் பின்னணியைக் கேட்கும் எஸ்எஃப்-86 படிவம் கட்டாயம். அச்சிட்டால் நூறு பக்கம் தாண்டும். அதை இணையத்தில் நிரப்பும் தளம், பழைய இ-க்விப் போய், இப்போது இ-ஆப். திரை தெளிவு, வேகமும் பரவாயில்லை. பத்து வருட முகவரிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் சுட்டிக்காட்டிவிடும்.

பலரைக் கவிழ்ப்பது 22-ஆம் பிரிவு, அதாவது போலீஸ் விவகாரம். சில கேள்விகள் கடைசி ஏழு வருடத்துக்கு மட்டும். சில, "எப்போதாவது" என்று தொடங்கும்: பெருங்குற்ற வழக்கு, துப்பாக்கி, மது, போதைப்பொருள் தொடர்பான வழக்கு. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் இருபது வருடத்துக்கு முந்தைய குடிபோதை ஓட்டுதலை விட்டுவிடுகிறார்கள். வழக்கு தள்ளுபடியானாலும், கோர்ட் பதிவை மூடி முத்திரையிட்டாலும் எழுதத்தான் வேண்டும். விதிவிலக்கு மிகக் குறுகியது. மது, போதை சம்பந்தமில்லாத, 300 டாலருக்குக் குறைந்த போக்குவரத்து அபராதம் வேண்டாம்.

தளத்தின் பெரிய குறை இதுதான்: விடுபட்ட கட்டத்தைப் பிடிக்கும், பொய்யைப் பிடிக்காது. "இல்லை" என்று அழுத்தினால் துணைக் கேள்விகளே வராது. அவ்வளவு சுலபம்! ஆனால் கைரேகை எஃப்பிஐக்குப் போகிறது.

அனுமதி தரலாமா என்று முடிவெடுக்க 2017 ஜூனில் அமலான 13 நெறிகளில் குற்ற நடத்தைக்கு 'ஜே', நேர்மையின்மைக்கு 'இ'. பழைய கைதை ஆண்டுகளும் நன்னடத்தையும் கரைத்துவிடும். வேண்டுமென்றே மறைத்ததோ நேற்றைய குற்றம். கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்து வருடச் சிறை வரை போகலாம். விட்டுப்போயிருந்தால் விசாரணையாளர் ஆதாரத்தை நீட்டுவதற்கு முன்பே நீங்களாகச் சொல்லுங்கள். அது உங்களுக்குச் சாதகமாகும். கேட்ட பிறகு ஒப்புக்கொண்டால் அந்தச் சலுகை கிடைக்காது. வக்கீல் தவறாகச் சொன்னார் என்பது எடுபடலாம். பக்கத்து மேசைக்காரர் சொன்னதை நம்பினேன் என்றால் எடுபடாது.

கையெழுத்திட்டபின் திருத்த முடியாது. பிடிஎஃப் பிரதி எடுத்துவைத்து, நேர்காணலுக்கு முந்தைய இரவு படியுங்கள்.

அனுமதியை மறுக்கப் போவதாகக் காரண அறிக்கை வந்தால், ஒப்பந்த நிறுவன ஊழியருக்குப் பதில் தர 20 நாள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக 'ஒப்புக்கொள்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று எழுதி, நேரடி விசாரணை வேண்டுமென்றும் கேட்க வேண்டும். கோர்ட் நகல், அபராத ரசீது, மேலாளர் கடிதம் எல்லாம் அந்த விசாரணையிலேயே போய்ச் சேரட்டும். தோற்றால் 15 நாளில் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டில் புதிய ஆதாரம் வாங்க மாட்டார்கள்.

தளத்துக்கு ஐந்துக்கு மூன்று. 22-ஆம் பிரிவின் வாக்கிய அமைப்புக்கு ஒன்று கொடுத்தாலே அதிகம்.